தகடு சரியாகட்டும்

என் வீட்டுக்காரருக்கு ஒரு குணம். சுவரில் ஓர் ஆணி அடித்துத் தரச் சொன்னால் முதலில் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். சுவர் கோணல் என்று தெரிந்துவிட்டால் ஆணியை மறந்துவிட்டுச் சுவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். பெரிய கட்டடங்களில் குளிர்காற்று போவதற்கான தகரக் குழாய்களை வெட்டி மடித்துச் செய்கிற பட்டறையில் அவர் மேஸ்திரி. அங்கே இந்தக் குணத்துக்கு நல்ல மரியாதை. வீட்டில் அதற்கு நான் வைத்திருந்த பெயர்களை எழுதினால் காகிதம் கறுத்துப்போகும்.

நான் கோரஸ் பாடகி. முன்னால் ஒருவர் பாட, பின்னால் ஏழெட்டுப் பேர் "ஆ" என்றும் "ஓ" என்றும் இழுப்பார்களே, அதில் ஒருத்தி. ஸ்டுடியோவில் எனக்குப் பட்டப்பெயர் பசை. ஒருத்தி குரல் ஊசியாகக் குத்தும், இன்னொருத்தி குரல் மொத்தையாக விழும், இரண்டும் ஒட்டாது. நடுவில் என்னை நிறுத்தினால் ஒட்டிக்கொள்ளும். "பசையை நடுவுல விடுங்கப்பா" என்பார்கள். பாராட்டுத்தான். ஆனால் ஒட்டிய பிறகு பசையை யார் பார்க்கிறார்கள்?

தனியாகப் பாடியது ஒரே ஒரு முறை. அதுவும் 'ட்ராக்'. பெரிய பாடகி வருவதற்கு முன்னால், மெட்டு இப்படித்தான் என்று காட்டுவதற்காக எங்களில் ஒருத்தியைப் பாட வைத்துப் பதிந்துகொள்வார்கள். பெரியவர் வந்து பாடியதும் நம்முடையதை அழித்துவிடுவார்கள். தொழில் வழக்கம் அது; கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அந்தப் படமும் வெளியே வரவில்லை. பாட்டு மட்டும் என் தொண்டையில் தங்கிவிட்டது. 'கதவைச் சாத்தாதே' என்று ஆரம்பிக்கும்.

அந்தத் தொண்டைக்குள்தான் கட்டி வந்தது. குரல் நாணுக்குக் கீழே, குருத்தெலும்பு வரை ஓடியிருந்தது. குரல்பெட்டியையே எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஒரு துளை வைப்போம், மூச்சு அதன் வழியாகப் போகும் என்றார் டாக்டர். பேச்சுக்கு ஏதாவது மாற்று உண்டு, பாட்டுக்குக் கிடையாது என்றும் சொன்னார். சுற்றி வளைக்காத மனிதர். அடுத்த மாதத் தொடக்கத்தில் அறுவைக்கு நாள் குறித்தார். அதுவரை காலையில் ஆவி பிடித்தால் கொஞ்ச நேரம் என் பழைய குரல் அப்படியே வந்து நிற்கும். அப்புறம் மூச்சு தட்டும், இருமல் பிடுங்கும். அன்றைக்கு அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரம்தான் என்னிடம் மிச்சமிருந்த சொத்து.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பேருந்தில் அவரிடம் சொன்னேன். "அந்தப் பாட்டை முழுசா ஒரு தடவை பாடி வச்சிரணுங்க. என் குரல் மட்டும். பக்கத்துல யாரும் இல்லாம. நான் எப்படி இருந்தேன்னு நானே ஒரு தடவை கேட்கணும்."

"வச்சிரலாம்" என்றார். வெளியே பார்க்கிற சாக்கில் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டோம்.

என் தம்பி ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பூட்டினான். மைக்கைக் கொடுத்தவள் கீச்சு அக்கா. அவளும் கோரஸ்தான், எத்தனையோ வருஷமாக என் இடது தோள் பக்கம் நின்று பாடுகிறவள். மேல்ஸ்தாயியில் எலி மாதிரி கீச்சிடுவாள் என்பதால் அந்தப் பெயர். அவள் வாய்க்கு நானே கொஞ்சம் பயப்படுவேன்.

முதல் நாள் படுக்கையறைச் சுவரில் மெத்தையையும் போர்வைகளையும் தொங்கவிட்டு, நடுவில் நின்று பாடினேன். போட்டுக் கேட்டபோது குரல் என் மூக்குக்கு முன்னால் செத்து விழுந்தது. கொடியில் காய்ந்து விறைத்த துணி மாதிரி இருந்தது. ஸ்டுடியோவில் பாடும்போது காதில் மாட்டியிருக்கும் கருவியில் நம் குரல் இப்படியா வரும்? நாம் நிறுத்திய பிறகும் அது ஒரு கணம் மினுங்கிக்கொண்டு காற்றில் நிற்கும். அதில் சாய்ந்துகொண்டு அடுத்த வரியை எடுக்கலாம். சாய ஒன்றுமில்லாவிட்டால் நான் கத்த ஆரம்பித்துவிடுவேன். கத்தினால் சுருதி இறங்கும், இருமல் வரும். அன்றைக்கு இரண்டும் வந்தன, இருமலோடு கொஞ்சம் ரத்தமும்.

அந்த மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் பழைய ஸ்டுடியோவின் பின்னறையில் ஒரு பெரிய எஃகுத் தகட்டை இரும்புச் சட்டத்தில் ஸ்பிரிங் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். பாட்டை ஒரு பக்கம் கொடுத்தால் தகடு அதிரும். அந்த அதிர்வை இன்னொரு பக்கம் எடுத்துக் குரலோடு கலப்பார்கள். அந்த அறைப் பக்கம் போனால் தும்மக்கூட விடமாட்டார்கள். பிளேட் என்பார்கள். தம்பி, கம்ப்யூட்டருக்குள்ளேயே அந்தப் பிளேட் இருக்கிறது என்று தட்டிக் காட்டினான். கேட்டேன். வாளிக்குள் தலையை விட்டுப் பாடியது போல இருந்தது. "அக்கா, இது போதும். கேக்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது" என்றான். கேட்கப்போவது நான்தானே என்று அவனைக் கடித்து, அந்தப் பதிவையும் அப்போதே அழிக்கவைத்தேன். பாவம், டீ கூடக் குடிக்காமல் போனான்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "தகடுதானே? நான் செஞ்சு தரேன்."

எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். கல்யாணமான நாளிலிருந்து அவர் வேலையும் என் வேலையும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்ததில்லை. பட்டறையில் நாள் முழுக்கத் தகரத்தை அடித்துவிட்டு வருபவருக்குப் பாட்டு என்றால் இன்னொரு சத்தம். இப்போது என் குரலுக்கு அவர் கையால் ஒரு சாமான். வேண்டாம் என்று எந்தப் பெண்டாட்டி சொல்வாள்?

கட்டிலைக் கழற்றி மொட்டைமாடியில் போட்டார். படுக்கையறை முழுக்கச் சட்டம் நின்றது. நாங்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தோம். பட்டறையில் கிடைத்த துத்தநாகம் பூசிய தகட்டை முதலில் தொங்கவிட்டார். பழைய ஸ்பீக்கரின் காகிதத்தைக் கிழித்துவிட்டு, உள்ளே துடிக்கிற பாகத்தை மட்டும் தகட்டின் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஒட்டினார். அதிர்வைப் பிடிக்க, அழைப்புமணிக்குள் இருக்குமே பித்தளைச் சில்லு, அதில் இரண்டு. மறுநாள் காலை ஆவி பிடித்துவிட்டு நின்றேன்.

"ஒரே ஒரு வரி பாடு" என்றார்.

கதவைச் சாத்தாதே. பாடினேன். தகர டப்பாவில் சில்லறை கொட்டியது போல இருந்தது. ஸ்பிரிங்கை முடுக்கினார். மறுபடி பாடினேன். இப்போது டப்பா கொஞ்சம் பெரிதாயிற்று. இன்னொரு சுற்று முடுக்கினார். அதற்குள் எனக்கு மூச்சு தட்டிவிட்டது. பூச்சுதான் கெடுக்கிறது, பூச்சில்லாத எஃகு வேண்டும் என்று கண்டுபிடித்தார். அதைத் தேடி வாங்கி வர நாலைந்து நாள் ஆனது. அது மெல்லிசு, தூக்கும்போது மடங்கிவிட்டது. மடங்கிய தகடு ஒரு இடத்தில் மட்டும் ஊளையிடும். இன்னொன்று வாங்கினார்.

எல்லாக் காலையும் ஒரே மாதிரிதான். ஆவி, ஒரு வரி, ஸ்பிரிங், ஒரு வரி, ஸ்பிரிங், இருமல். தாழ்ந்த சுரங்கள் தகட்டில் சேறாகக் கலங்கின. அவற்றை உள்ளே விடாமல் வடிகட்டக் கற்றுக்கொண்டார். எதிரொலி குரலை உடனே பிடித்து மூடியது. கண் இமைக்கிற நேரம் தாமதமாக வரும்படி செய்தார், சொல் தெளிவாக நின்றது. ஓசை ரொம்ப நேரம் நீண்டபோது தகட்டை ஒட்டி ஒரு கம்பளியைக் கட்டி அடக்கினார். லாரி போனால் தகடு பேசும், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடினால் முனகும். அந்த வீட்டு அம்மாளிடம் போய்க் காலையில் மோட்டார் போடாதீர்கள் என்று கும்பிட்டுவிட்டு வந்தார். எனக்காக அவர் யாரிடமும் அப்படி நின்றதில்லை. பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

முழுப் பாட்டையும் பாடிவிடட்டுமா என்று நடுவில் கேட்டேன். "தகடு சரியாகட்டும். அப்புறம் ஒரே மூச்சுல பாடிடலாம். இருக்கிற குரலை மட்டமான சத்தத்துல செலவு பண்ணுவானேன்?" என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

கீச்சு அக்கா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். முதலில் குரலை வெறுமனே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், எக்கோவை அடுத்த வருஷம்கூடப் போட்டுக்கொள்ளலாம், ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள். இது எங்களுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் சாய்ந்துகொள்ள அந்த ஓசை காதில் வராவிட்டால் என்னால் பாட முடியாது, வெறுங்குரலில் கத்திய அன்றைக்கு ரத்தமே வந்தது என்றேன். "சோத்தை வடிக்காம ஊறுகாய்க்குச் சண்டை போடுறீங்க ரெண்டு பேரும்" என்றாள். அவர் ஸ்பிரிங்கை இன்னொரு சுற்று முடுக்கப் போனார். கடலில் அலை ஓய்ந்த பிறகு தலை முழுகலாம் என்று கரையில் நின்றவர்கள் நாங்கள். அன்றைக்கு அது தெரியவில்லை.

அவர் இன்னொன்றும் செய்துகொண்டிருந்தார். அது எனக்கே பிறகுதான் தெரிந்தது. பட்டறையில் ஒவ்வொரு சுருள் தகரம் வந்ததும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, ஆணியில் மாட்டி வைப்பார்கள். மடிப்பு எப்படி வருகிறது, எது நல்ல சரக்கு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க. மாதிரித் துண்டு என்பார்கள். மீதியைப் பற்றிக் கவலை கிடையாது. அதே கைப்பழக்கத்தில், நான் பாடிய ஒவ்வொரு வரியிலும் நான் பாடியதை வெட்டி எறிந்துவிட்டு, நான் நிறுத்திய பிறகு தகட்டில் நீளும் வாலை மட்டும் எடுத்து வரிசையாக வைத்திருந்தார். நேற்றைய வாலையும் இன்றைய வாலையும் ஒட்டவைத்துக் கேட்டால்தானே எந்த முடுக்கு நல்ல முடுக்கு என்று தெரியும்? வரியை எதற்கு வைத்துக்கொள்வது, நாளைக்குத்தான் முழுசாகப் பாடப் போகிறாளே. கம்ப்யூட்டரும் பழசு, நிரம்பி நிரம்பி நின்றுபோகும். அதனால் தலைகளைச் சுத்தமாக அழித்துக்கொண்டே வந்தார். எதையும் சுத்தமாகச் செய்கிறவர்.

ஒரு காலை தகடு சரியாகிவிட்டது. எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. கதவைச் சாத்தாதே என்று பாடி நிறுத்தினேன். அந்தக் கடைசி 'ஏ' கீழே விழவே இல்லை. பாலில் ஆடை படிவது போல மெல்லப் படிந்து, தானாக எங்கேயோ போய்ச் சேர்ந்தது. இரும்பு என்றே தெரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உடனே இரண்டாவது வரியை எடுத்தேன், மூச்சு வரவில்லை. ஏற்கெனவே ஆறேழு முறை முதல் வரியைப் பாடியாகிவிட்டது. அவர் ஓடிவந்து முதுகைத் தடவினார்.

"போதும், போதும். நாளைக்குக் காலையில எடுத்த எடுப்பிலேயே முழுப் பாட்டு" என்றார். ஸ்பிரிங்குகளை யாரும் தொடக்கூடாது என்று அறைக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மூச்சு அடைத்தது. நாற்காலியிலிருந்து எழுந்தேன், அவ்வளவுதான் நினைவு. ஆட்டோவில் போகும்போது அவர் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுநரைத் திட்டிக்கொண்டே வந்தார் என்று பிறகு சொன்னார்கள். கட்டி உள்ளே வீங்கி வழியை அடைத்துவிட்டது. அவசரமாகக் கழுத்தில் துளை போட்டார்கள். இனித் தள்ளிப்போட முடியாது என்று அறுவையையும் அந்த வாரமே முடித்துவிட்டார்கள். கண் விழித்து ஏதோ கேட்க வாயைத் திறந்தேன். உதடு அசைந்தது. கழுத்திலிருந்து காற்று வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, நான் தூங்குகிறேன் என்று நினைத்து அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேடுவதைப் பார்த்தேன். ஒன்றைத் திறப்பார், 'ஏ' என்று கேட்கும், மூடுவார். அடுத்தது, 'ஏ'. அதற்கடுத்தது, டப்பாச் சத்தத்தோடு ஒரு 'ஏ'. எங்கேயாவது வெட்ட மறந்த ஒரு வரி, ஒரு 'கதவை', ஒரு 'சாத்தா' இருக்காதா என்று தேடினார். அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை. ஒரே ஒரு இடத்தில் 'தே' என்று அந்த எழுத்தின் நுனி ஒட்டிக்கொண்டிருந்தது. அதையே திரும்பத் திரும்பப் போட்டார். அப்புறம் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். தம்பி வந்து, அழித்ததை மீட்டெடுக்கும் ஏதோ ஒன்றை ஓட்டிப் பார்த்தான். அழித்த இடத்தின் மேலேயே புதுப் புது வால்களை எழுதியிருந்ததால் ஒன்றும் தேறவில்லை.

நான் பேசிய குரல் தொலைபேசியில் கிடக்கிறது. வரும்போது பால் வாங்கி வாருங்கள், சாவி செருப்பு அலமாரியில் இருக்கிறது, எங்கே தொலைந்தீர்கள் என்று. பேச்சு எல்லாரிடமும் உண்டு. பாட்டு இல்லை.

என்னைத் திட்டிவிடு என்று கேட்டார். திட்டித்தான் இருப்பேன். சொல்லுக்குப் பஞ்சமில்லை; நெஞ்சு முட்ட நிற்கிறது. கைபேசியில் இரண்டு வரி தட்டி நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, நிதானமாகப் படித்து, "ஆமா" என்றார். எழுதித் திட்டினால் மனு கொடுப்பது போலத்தான் இருக்கிறது. அதோடு விட்டுவிட்டேன். அவரை மன்னித்தேன் என்று சொல்ல மாட்டேன். வெறுத்தேன் என்றும் சொல்ல முடியவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டேன், மருந்து கொடுத்தால் குடித்தேன்.

கீச்சு அக்கா பார்க்க வந்தாள். ஆஸ்பத்திரிக்கே வந்திருப்பாள், ஒரு பதிவுக்காக வெளியூர் போயிருந்தாளாம். என் கழுத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக அறையைச் சுற்றி எங்கெங்கோ பார்த்தாள். பேச்சு தீர்ந்துபோன ஒரு நேரத்தில், தகடு கடைசியில் சரியாயிற்றா இல்லையா என்று அவரிடம் கேட்டாள். பாட்டு பதியாமலே போனது அவளுக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். எழுந்து போய், அந்தக் கடைசிக் காலையின் வாலை ஓடவிட்டார்.

'ஏ' என்று எழுந்து, விழாமல் நின்று, மெல்லப் படிந்து போயிற்று.

கீச்சு அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். அவள் இந்தத் தொழிலில் ஊறியவள், நல்லதைக் கேட்டால் முகம் தானாக மலர்ந்துவிடும். "அடேயப்பா, பெரிய ஸ்டுடியோவுலகூட இப்படி வராது" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரு பாடினது இது? என் குரல் மாதிரியும் இருக்கே" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். கைபேசியை எடுத்து, "தகரம்" என்று தட்டி அவளிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாள். நான் பழையபடி நக்கல் பேசுகிறேன், தேறிவிட்டேன் என்று அவளுக்குச் சந்தோஷம்.

இன்னொரு தடவை போடச் சொன்னாள். அவர் போட்டார். இந்த முறை நானும் கண்ணை மூடிக்கொண்டு, எழும்புகிற இடத்திலிருந்து அடங்குகிற இடம்வரை, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டேன். அவள் சொன்னது சரிதான். நன்றாக இருந்தது. யார் பாடுகிறார்கள் என்று எனக்கும் தெரியவில்லை.